ஃபியூச்சரா மாதிரியே ஃபாண்ட் வேணும், காசும் கொடுக்கக் கூடாது: சட்டப்படி என்ன வழி?

கிளையண்ட் ஒரு சினிமா போஸ்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதே மாதிரி எழுத்து வேணும்" என்கிறார். காம்பஸ் வைத்து வரைந்தது போன்ற 'ஓ', ஊசி முனையோடு நிற்கும் கேப்பிடல் 'ஏ'. தேடிப் பார்த்தால் அதன் பெயர் ஃபியூச்சரா. விலையைப் பார்த்த அடுத்த நிமிடமே கை தானாக டைப் செய்யும்: "ஃபியூச்சரா ஃப்ரீ டவுன்லோட்". தளங்கள் வரிசை கட்டி வரும்.

கிளிக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

ஃபியூச்சராவில் அப்படி என்ன இருக்கு?

ஜெர்மனியைச் சேர்ந்த பால் ரென்னர் வடிவமைத்த எழுத்துரு இது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த பாவர் எழுத்து வார்ப்பகம் 1927-ல் வெளியிட்டது. எழுத்தின் ஓரங்களில் கொம்பு, வால் போன்ற அலங்காரம் எதுவும் கிடையாது. வட்டம், முக்கோணம், நேர்கோடு இவற்றிலிருந்து பிறந்த வடிவங்கள். இந்த வகைக்குத்தான் ஜியோமெட்ரிக் சான்ஸ் செரிஃப் என்று பெயர்.

1969-ல் அப்போலோ 11 நிலவில் விட்டுவந்த உலோகப் பலகையில் இருப்பது இந்த எழுத்துதான். ஐகியா நிறுவனம் 2009 வரை இதைப் பயன்படுத்தியது. வெஸ் ஆண்டர்சன் படங்கள் பார்த்தவர்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்திருக்கும்.

இதைப் பார்த்து வரைவதும் புதுசு இல்லை. அமெரிக்காவில் 1930-களிலேயே ஸ்பார்ட்டன், ட்வென்டியத் செஞ்சுரி என்று இதன் சாயலில் எழுத்துகள் வந்துவிட்டன.

அப்போ இறக்கிக்கிட்டா என்ன தப்பு?

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று எழுத்தின் வடிவம், இன்னொன்று அந்த வடிவத்தைத் திரையில் காட்டும் கோப்பு. அமெரிக்கச் சட்டத்தில் எழுத்து வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் எழுத்துருக் கோப்பு மென்பொருளாகப் பாதுகாக்கப்படுகிறது. அதனால்தான் ஃபியூச்சராவைப் பார்த்து ஒருவர் புதிதாக வரைந்து வேறு பெயரில் தர முடிகிறது. ஃபியூச்சரா கோப்பையே காப்பி எடுத்துக் கொடுக்க முடியாது.

இந்தியாவிலும் எழுத்துருக் கோப்புகள் மென்பொருள் மாதிரி உரிமத்தோடுதான் விற்கப்படுகின்றன. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. வணிக லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. ஆனால் கிளையண்டிடம் பில் போட்டு வாங்கும் வேலையை அப்படிச் சொல்லித் தப்பிப்பது கஷ்டம்.

"என் மேக்கில் ஃபியூச்சரா ஏற்கனவே இருக்கே?" என்று கேட்கலாம். இருக்கு. அந்தக் கணினியில் திரையில் காட்டவும் அச்சிடவும் ஆப்பிளின் உரிமம் அனுமதிக்கிறது. கோப்பை எடுத்து உங்கள் இணையதள சர்வரில் ஏற்ற அது அனுமதி இல்லை.

நானே இதில் மாட்டியிருக்கேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பட்ஜெட் சார்ட்டை மேக்கில் ஃபியூச்சராவில் அமைத்தேன். என் திரையில் அழகாக இருந்தது. வாசகர்களின் ஆண்ட்ராய்டு போனில் அந்த எழுத்து இல்லாததால் வேறொன்று வந்து உட்கார்ந்தது. எண்கள் கட்டத்தைத் தாண்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. ராத்திரியோடு ராத்திரியாக மாற்று தேடியபோதுதான் கீழே உள்ள பட்டியல் எனக்கு உருவானது.

நிஜமாவே இலவசம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பல தளங்களில் "ஃப்ரீ" என்று பெரிதாகவும், "தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்" என்று பொடி எழுத்திலும் இருக்கும். கடையின் லோகோ, அலுவலக பிரசண்டேஷன், விளம்பர வருமானம் வரும் யூட்யூப் தம்ப்நெயில் எதுவும் தனிப்பட்ட பயன்பாடு ஆகாது.

நீங்கள் தேட வேண்டிய சொல் 'ஓபன் ஃபாண்ட் லைசென்ஸ்', சுருக்கமாக ஓஎஃப்எல். இந்த உரிமம் உள்ள எழுத்துருவை வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம், இணையதளத்திலும் ஆப்பிலும் சேர்க்கலாம், மாற்றியும் அமைக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. டவுன்லோட் கோப்புக்குள் இந்த உரிமத்தின் முழு வாசகம் இருக்கும். அதை அழிக்காமல் புராஜெக்ட் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் அதுதான் உங்கள் ரசீது.

சரி, எதை எடுக்கலாம்?

கீழே உள்ள ஐந்தும் ஓஎஃப்எல் உரிமத்தில் கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைப்பவை.

ஜோஸ்ட்: ஃபியூச்சராவுக்கு மிக நெருக்கமானது. 1920-களின் ஜெர்மன் எழுத்துகளைப் பார்த்து ஓவன் எர்ல் வரைந்தது. மெல்லிசு முதல் தடிமன் வரை 9 எடை, சாய்வெழுத்தும் உண்டு. ஒன்றே ஒன்றுதான் எடுப்பேன் என்றால் இதை எடுங்கள்.

லீக் ஸ்பார்ட்டன்: தலைப்புக்கும் போஸ்டருக்கும் நல்ல கனமான எழுத்து. சாய்வெழுத்து கிடையாது.

ஜோசஃபின் சான்ஸ்: பழைய காலத்து நளினம் வேண்டுமென்றால் இது. ஆனால் சிறிய எழுத்துகளின் உயரம் குறைவு. அழைப்பிதழில் பெரிதாக வைத்தால் அழகு. போனில் நீளமாகப் படிக்கக் கொடுத்தால் கண் வலிக்கும்.

பாப்பின்ஸ்: அகமதாபாத்தின் இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி உருவாக்கியது. சிறிய எழுத்துகள் உயரமாக இருப்பதால் திரையில் தெளிவாகத் தெரியும். ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

மான்செராட்: பியூனஸ் அயர்ஸில் உள்ள அதே பெயர் கொண்ட வட்டாரத்தின் பழைய பெயர்ப் பலகைகளிலிருந்து பிறந்தது. ஃபியூச்சராவின் தம்பி இல்லை, தூரத்து உறவு. அகலமானது, நிறைய இடங்களில் பார்த்துப் பழகியது.

இன்னொரு குறுக்கு வழி: உங்களிடம் உரிமம் பெற்ற மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இருந்தால், அதன் எழுத்துருப் பட்டியலில் 'டிடபிள்யூ சென் எம்டி' இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன ட்வென்டியத் செஞ்சுரிதான் அது. பிரசண்டேஷனுக்குப் போதும்.

தமிழுக்கு என்ன செய்வது?

இந்த ஐந்திலும் தமிழ் எழுத்து கிடையாது. இந்தியாவில் பிறந்த பாப்பின்ஸில்கூட லத்தீனும் தேவநாகரியும்தான். ஜோஸ்ட்டை மட்டும் குறிப்பிட்டுவிட்டுத் தமிழில் டைப் செய்தால், ஒவ்வொரு கருவியும் தன்னிடம் இருப்பதை எடுத்துப் போடும். விண்டோஸில் ஒரு முகம், ஐபோனில் இன்னொரு முகம்.

எனவே ஜோடியாகத் தேர்ந்தெடுங்கள். ஹிந்த் மதுரை, முக்தா மலர், கட்டமரான், அனேக் தமிழ் நான்கும் ஓஎஃப்எல் உரிமம் உள்ளவை, பல எடைகளில் கிடைப்பவை. இணையதளம் என்றால் சிஎஸ்எஸ்ஸில் ஜோஸ்ட் பெயரை முதலிலும் தமிழ் எழுத்துருவை அடுத்தும் எழுதுங்கள். வரிசையை மாற்றினால் ஆங்கிலத்தையும் தமிழ் எழுத்துருவே பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அதில் ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றன. வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். இல்லையென்றால் மேல் வரியின் 'கூ'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும்.

கிளையண்டுக்கு அனுப்பும் முன்

மூன்றே மூன்று டெஸ்ட். முதலில் ரூபாய்க் குறியை டைப் செய்யுங்கள். ₹ குறி வந்தது 2010-ல்தான். பழைய எழுத்துருக்களில் அதன் இடத்தில் வெறும் கட்டம் வரும். அடுத்து 1111, 8888 இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். அகலம் மாறினால் அட்டவணைக்கு அது சரிப்படாது. கடைசியாக, உங்கள் போனில் இல்லாமல் வீட்டில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனில் திறந்து பாருங்கள்.

மூன்றும் பாஸானால் அனுப்பிவிடுங்கள். கூடவே எழுத்துருவின் பெயரையும் உரிமத்தையும் மெயிலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த டிசைனை அடுத்து கையில் எடுப்பவர் மறுபடி "ஃப்ரீ டவுன்லோட்" என்று தேடாமல் இருக்க அது உதவும்.