மறைத்து உருட்டும் கவறு

கவறு என்பது பழந்தமிழ் வழக்கு. இன்று நாம் தாயக்கட்டை என்றும் பகடை என்றும் அதனை வழங்குகின்றோம். கவறாட்டத்தின் இயல்பே யாவரும் காண உருட்டுதலாம். சகுனி வென்றதும் பேரவை நடுவே எல்லாரும் காணவே வென்றான். அவ்வாறிருக்க, உருட்டிய கவற்றை வேண்டுமென்றே மறைத்தல் இன்றியமையாததாகும் விளையாட்டொன்று மேனாட்டில் தோன்றியதெனின் வியப்பன்றோ? அம்மறைப்பு எதன்பொருட்டு வேண்டப்படுகின்றது, ஆடுவோர் வெவ்வேறு ஊர்களிலிருந்து இணையவழி ஆடுங்கால் அஃது எங்ஙனம் காக்கப்படுகின்றது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1974 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை ஆக்கி வெளியிட்டனர். ஆடுவோர் ஒவ்வொருவரும் தம்மை ஒரு கதைமாந்தராகப் பாவித்து, தாம் செய்யக் கருதுவதைச் சொல்லுவர். நடுவர் அதன் விளைவை உரைப்பர். ஐயத்துக்கிடமான வினைகளின் முடிபைக் கவறே தீர்க்கும். இருபது முகமுடைய கவறு இவ்வகை ஆட்டத்துக்கு ஓர் அடையாளமாகவே ஆகிவிட்டது. நடுவர் தம் முன்னே அட்டைத் தட்டியொன்றை நிறுத்தி, அதன் பின்னே சில கவறுகளை மறைவாக உருட்டுவது வழக்கம்.

இதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பாழ்மாளிகையொன்றிற் புகுந்த கள்வன் ஒரு பெட்டியைக் கண்டு, அதிற் பொறி வைக்கப்பட்டுள்ளதோ எனத் தேடுகின்றான். அவனாக ஆடுபவர் தாமே உருட்டி, 2 விழக் காண்கின்றார் எனக் கொள்வோம். ‘பொறி எதுவும் தென்படவில்லை’ என்று நடுவர் கூறினும் அவர் நம்பார்; தேடல் பழுதாயிற்று என்பதை அவர் கண்டுவிட்டாரன்றோ? 19 விழுந்திருப்பின் அச்சமின்றித் திறப்பார். கதைமாந்தன் அறியவொண்ணாத ஒன்றை ஆடுபவர் அறிந்தமையால் கதையின் உயிர் போய்விடுகின்றது. நடுவர் மறைவில் உருட்டினாலோ, ‘இல்லை’ என்னும் அவ்வொரு சொல்லே ஆடுபவரை அஞ்சவும் துணியவும் வைக்கும். 2019 இல் வெளிவந்த ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பு, இத்தகைய உருட்டல்களுக்கு ‘மறைவு’ என்னும் குறியையே விதியாக இட்டிருக்கின்றது. உடனாடுவோரிடமிருந்தும் மறைக்கவேண்டுவன உண்டு. தோழனின் பணப்பையைக் களவாட முயல்பவனது கவறு எல்லார் கண்ணிலும் பட்டால், தோழர் அனைவரும் தத்தம் மடியைத் தடவிப் பார்ப்பர்.

இணையவழி ஆட்டத்தில் அட்டைத் தட்டிக்கு இடமில்லை. 2012 இல் தோன்றிய ‘ரோல்20’ போன்ற தளங்களில், ஓர் ஆணைச்சொல்லைத் தட்டச்சிட்டால் உருட்டியவரும் நடுவரும் மட்டுமே எண்ணைக் காண்பர். ‘ஃபவுண்ட்ரி’ என்னும் மென்பொருள் நால்வகை உருட்டல்களை வகுத்துள்ளது: யாவரும் காண்பது, உருட்டியவரும் நடுவரும் காண்பது, நடுவர் மட்டுமே காண்பது, உருட்டியவர் மட்டுமே காண்பது. இவற்றுள் மூன்றாவதே நுட்பமானது. தன் கையால் உருட்டியவனுக்கே தன் எண் தெரியாது. ஆயினும் மறைப்பில் ஒரு கசிவு உண்டு. எண் மறைந்தாலும், ‘ஏதோ உருட்டப்பட்டது’ என்னும் செய்தியே ஐயத்தைக் கிளப்பும். ஆதலின் கைதேர்ந்த நடுவர், காரணமேயின்றியும் இடையிடையே கவற்றை உருட்டி வைப்பர்!

இனி, மறைத்தவர் பொய் சொன்னால் என் செய்வது? நடுவர் தமக்கு விருப்பமான எண்ணைச் சொல்லிவிடலாம். கதை சுவைபட வேண்டுமாயின் எண்ணை மாற்றுதல் நடுவரின் உரிமையே என வாதிடுவாரும் உளர். அவ்வாறாயின் உருட்டுவதுதான் எதற்கு என்பதே எம் வினா.

இவ்வினாவுக்குக் கணிதம் ஒரு விடை வைத்திருக்கின்றது. 1981 இல் மனுவேல் புளூம் என்னும் அறிஞர், தொலைபேசிவழி நாணயம் சுண்டுவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். மணமுறிவு பெற்று வெவ்வேறு நகரங்களில் வாழும் இருவர், மோட்டார் வண்டி யாருக்கு என்பதை நாணயத்தால் தீர்க்க விழைகின்றனர். ஒருவரையொருவர் நம்பார் என்பது சொல்லாமலே விளங்கும். அன்னாரின் முறையை எளிமையாகச் சொல்வதாயின், பரீட்சை வினாத்தாள் உறையை ஒத்தது எனலாம். உறை முன்னரே முத்திரையிடப்பட்டு எல்லார் முன்னும் கிடக்கும், உள்ளிருப்பது தெரியாது, பின்னர் மாற்றவும் இயலாது.

கணினியில் இம்முத்திரையாகப் பயன்படுவது, எந்த எழுத்துத் தொடரையும் குறித்த நீளமுள்ள ஒரு சுருக்கக் குறியாக மாற்றும் கணிப்பு முறை. குறியிலிருந்து மூலத்தை மீட்டல் அரிது. அதே குறியைத் தரும் வேறொரு மூலத்தைக் காண்டலும் அரிது. ஆயின் இருபதே எண்கள் உள்ள கவற்றுக்கு இது தனித்துப் பயன்படாது. ஆடுபவர் 1 முதல் 20 வரை ஒவ்வொன்றுக்கும் குறி கணித்து ஒப்பிட்டால், நொடிப்பொழுதில் உண்மை வெளிப்பட்டுவிடும். எனவே எண்ணுடன் பொருளற்ற நீண்ட எழுத்துத் தொடர் ஒன்றைச் சேர்த்தே முத்திரையிடல் வேண்டும்.

நடுவர் தமக்கு வேண்டிய எண்ணையே முத்திரையிடாதிருக்கவும் வழியுண்டு. நடுவர் 13 என முத்திரையிட்டு அதன் குறியை அனுப்புகின்றார். அதன்பின் ஆடுபவர் தாம் விரும்பிய 18 ஐ வெளிப்படையாகச் சொல்லுகின்றார். இரண்டின் கூட்டுத்தொகை 31. அதனை 20 ஆல் வகுக்க மிகுவது 11. அதுவே கவற்றின் எண் (மீதி இல்லையேல் 20 எனக் கொள்க). நடுவர் 11 என்பதை அறிவார். ஆடுபவர் 13 ஐ அறியாமையால் 11 ஐயும் அறியார். இருவருள் ஒருவரேனும் நேர்மையாக, குருட்டாம்போக்கில் எண்ணைத் தெரிந்திருப்பின், விடையை மற்றவர் வளைக்க முடியாது. ஆட்டம் முடிந்தபின் நடுவர் 13 ஐயும் எழுத்துத் தொடரையும் வெளியிட, ஆடுபவர் குறியைத் தாமே மீளக் கணித்துச் சரிபார்ப்பர்.

நடுவர் உறையைத் திறக்க மறுத்தால் கணிதம் அவரை வற்புறுத்தாது. மறுத்தார் என்பது மட்டும் எல்லார்க்கும் தெரிந்துபோம்; அடுத்த கிழமை அவரோடு ஆட அமர்வதா என்பதை ஆடுவோரே தீர்மானித்துக்கொள்வர்.