கண்டியின் ஆதி நிழற்பட ஏடுகள்

கல்வெட்டை ஆராய்வோர், அதனை வெட்டுவித்தவன் எதைச் சொல்ல விரும்பினான் என்று முதலிற் கேட்பர். நிழற்படத்தைக் காணும் நாமோ, எடுத்தவன் எதைக் காட்ட விரும்பினான் என்று கேட்பது அரிது. கண்டி மாநகரைப் பற்றிய பழைய படத்தொகுதிகள் இக்கேள்வியை நம்முன் வைக்கின்றன.

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1815இல் சிறைப்பட்டு, 1832இல் வேலூரில் மறைந்தான். தாகேரின் நிழற்படக் கலை பாரிஸ் நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். ஆகவே முடியாட்சிக் காலத்துக் கண்டியை எந்தப் படக்கருவியும் கண்டதில்லை. கண்டதெல்லாம் ஆங்கிலேயர் ஆண்ட கண்டியே. 1852இல் பிரெடெரிக் ஃபீபிக் இலங்கையிற் படங்கள் எடுத்து, அவற்றிற்குக் கையால் வண்ணந் தீட்டினார். 1860களில் ஜோசப் லோட்டன் கண்டியிலேயே தொழில் நடத்தினார். 1867இல் கொழும்பிலிருந்து புகையிரதம் வந்தது. பயணிகள் பெருகினர், படங்களுக்குச் சந்தையும் பெருகிற்று. 1876 அளவில் சார்ல்ஸ் ஸ்கோவனும் இங்கு நிலையம் திறந்திருந்தார்.

அக்கால அல்பம் அச்சிட்ட நூலன்று. முட்டை வெண்கரு பூசிய மெல்லிய தாளிற் படத்தைப் பதித்து, தடித்த அட்டையில் ஒட்டிக் கட்டினர். வாங்குவோர் தாம் விரும்பிய படங்களைத் தெரிந்தெடுத்தமையால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. எனினும் தலதா மாளிகை, ஏரி, பேராதனைப் பூங்கா ஆகிய காட்சிகள் மீண்டும் மீண்டும் வரும். 1894இல் கொழும்புப் புத்தக வணிகர் ஹென்றி கேவ், கண்டியையும் பேராதனையையும் பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் படமும் விளக்கவுரையும் ஒருங்கே அமைந்தன.

இவ்வேடுகளில் மனிதரும் உண்டு. ஆனால் மாளிகைக்குப் பெயருண்டு, மரத்திற்கும் பெயருண்டு. மலைக்காட்டைத் தோட்டமாக்கிய தமிழருக்கோ, 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்போர்' என்பன போன்ற குறிப்புகளே கிடைத்தன. அவர்கள் ஓர் இனத்தின் மாதிரியாகக் காட்டப்பட்டனரேயன்றி, இன்னாரென்று அறியப்படவில்லை.

இந்நிலையில் வேறொரு நோக்கைக் காட்டியது ஆனந்த குமாரசுவாமியின் 'இடைக்காலச் சிங்களக் கலை'. 1908இல் 425 பிரதிகளே அச்சான அப்பெருநூலின் நிழற்படங்களிற் பெரும்பாலானவற்றை அவர் துணைவியார் எதெல் எடுத்தார். பயணியின் கண் அழகிய ஏரியில் நின்றது. இவர்கள் கண்ணோ கண்டிக் கைவினைஞரின் உலோக வேலையிலும் நெசவிலும் தந்த வேலையிலும் நின்றது. காட்சியை விற்பதன்று, அழிந்துவரும் அறிவைக் காப்பதே அந்நூலின் கருத்து.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. மலையகத்து இல்லங்களில் பழைய குடும்பப் படங்கள் இருக்கக்கூடும். முதியோர் வாழும்போதே அவற்றிலுள்ளோர் யார், எத்தோட்டத்தவர், எந்த ஆண்டினர் என்று கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். முகத்தைக் கருவி காக்கும். பெயரை நாம்தான் காக்க வேண்டும்.