சூடேறும் ஆறும் தூண்டில்காரர்களும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், குளிர்ந்த நன்னீரில் மட்டுமே செழிக்கும் டிரவுட் மீன்கள் வாழும் மேடிசன் முதலிய ஆறுகளில், நீரின் அன்றாட உச்ச வெப்பம் தொடர்ந்து 3 நாட்கள் ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டிலிடத் தடை விதிக்கப்படலாம். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவதால், பிடித்து உயிருடன் திரும்ப விடப்படும் மீனும் களைப்பிலிருந்து மீளாமல் மடியக்கூடும் என்பதே இதன் அடிப்படை. தூண்டில்காரர்களுள் பலர் இதனை ஏற்று விடியற்காலையிலேயே ஆற்றை நாடுகின்றனர். வழிகாட்டிகளாகப் படகோட்டிப் பிழைப்போரோ, பாசனத்துக்கு நீர் எடுப்போரை விட்டுத் தங்களை மட்டும் கட்டுப்படுத்துவதாகக் குறைகூறுகின்றனர். இக்குறையில் நியாயம் உண்டு. ஆயினும், 1974-இல் அம்மாநிலம் ஆறுகளில் பண்ணைமீன் விடுவதை நிறுத்தியபோதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால், மேடிசனில் நடந்த ஆய்வுகள் காட்டியவாறே, ஆற்றிலேயே பிறந்து வளரும் மீன்கள் அதன்பின் பெருகின.