ஆய் நாடும் பார்த்திவசேகரபுரச் சாலையும்
இனயம் கடற்கரைக்கு வடக்கே, முஞ்சிறையை அடுத்துள்ள பார்த்திவபுரம் ஆய் மன்னரின் ஆட்சிக்குச் சான்று பகரும் ஊராகும். சங்கப் பாடல்கள் ஆய் குடியைப் பொதியிலோடு இணைக்கின்றன. தாலமியோ குமரியையும் ஆய் நாட்டுள் அடக்குகிறார். பிற்காலத்தில் அந்நாடு சேரர்க்கும் பாண்டியர்க்கும் இடையில் சிக்கியது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞத்தை அழித்ததைச் சீவரமங்கலச் செப்பேடு கூறும்.

இந்நெருக்கடியின் நடுவே, பொ.ஆ. 866இல், கோக்கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் அளித்து (பறித்துக் கொள்ளவில்லை என்பது கருதத்தக்கது) அவர்தம் நிலத்தைப் பெற்றான். அங்கே திருமால் கோயில் ஒன்றும், காந்தளூர்ச் சாலையின் முறையில் 95 மாணவர்க்குரிய சாலை ஒன்றும் அமைந்தன. பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரீயர்க்கு 36, தலவகாரர்க்கு 14 என இடங்கள் வகுக்கப்பட்டன. சேர விரும்புவோர் வியாகரணம், மீமாம்சை, பௌரோகித்யம் ஆகியவற்றோடு ‘த்ரைராஜ்ய வ்யவஹாரமும்’ அறிந்திருத்தல் வேண்டும் என்கிறது ஹுசூர் அலுவலகச் செப்பேடு. இத்தொடர் மூவேந்தர் நாடுகளின் நடைமுறையைக் குறிப்பதாகவே கொள்ளப்படுகிறது. வேதம் ஓதுவோர்க்கு அவ்வறிவு எதற்கு? பேரரசுகளோடு பேசவும் எழுதவும் வல்லோர் சிறு நாட்டுக்குத் தேவைப்பட்டனர் எனக் கருதுவதே பொருந்தும். அடுத்து ஆண்ட விக்கிரமாதித்த வரகுணன் பாண்டியர்க்குரிய பெயரைத் தாங்கியிருப்பதையும் இதனோடு சேர்த்துக் காணலாம்.