பிரீமியம் கம்மி... கம்பெனி கெட்டியா?

"அந்தக் கம்பெனியில இருநூறு ரூபாய் கம்மி சார்!" - பைக் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கிற மாதம் வந்தால் ஆபீஸ் கேன்டீனில் இதே பேச்சுதான். நானும் என் பைக்குக்கு மூன்று கம்பெனிகளில் ரேட் கேட்டேன். மூன்றும் மூன்று விதம். ஆனால் ஒரே ஒரு வரி மட்டும் மூன்றிலும் அச்சடித்த மாதிரி ஒரே தொகை!

அதுதான் 'தேர்டு பார்ட்டி'. நம் வண்டி மோதி அடுத்தவருக்கு அடிபட்டால் கொடுக்கிற நஷ்டஈட்டுக்கான பிரீமியம். இதை நிர்ணயிப்பது மத்திய அரசு. பேரமே கிடையாது.

நம் வண்டியின் சேதத்துக்கான பகுதியில்தான் குஸ்தி! முன்பெல்லாம் அதற்கும் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கட்டண அட்டவணை. 2007 ஜனவரி 1-ல் அதை எடுத்தார்கள். கொட்ட ஆரம்பித்தது தள்ளுபடி மழை.

எப்படிக் கட்டுப்படியாகிறது?

பிரீமியம் இன்றைக்கே வந்துவிடுகிறது. க்ளெய்ம் பிறகுதான் போகிறது. கோர்ட் கேஸ் என்றால் வருஷக்கணக்காகும். நடுவில் அந்தப் பணம் கடன் பத்திரங்களில் வட்டி சம்பாதிக்கும். அதனால் நூறு ரூபாய் வாங்கி நூற்றைந்து செலவழித்தாலும் கம்பெனி உடனே படுத்துவிடாது. போதாக்குறைக்கு, பெரிய நஷ்டம் வந்தால் பங்குபோட ரீஇன்ஷூரன்ஸ் கம்பெனி வேறு இருக்கிறது.

இந்தத் தைரியத்தில் அளவுக்கு மீறி விலையைக் குறைத்தால்? அதற்குத்தான் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு கோடு கிழித்திருக்கிறது. 'சால்வன்ஸி ரேஷியோ' 1.5. அதாவது, கடன்கள், க்ளெய்ம் பாக்கி எல்லாம் போக கையில் 100 ரூபாய் தேவை என்று கணக்கு வந்தால், 150 ரூபாய் இருந்தாக வேண்டும்.

கோடு விளையாட்டுக்கில்லை. அரசுக் கம்பெனிகளான நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா மூன்றையும் தூக்கி நிறுத்த 2019-20 முதல் 2021-22 வரை மத்திய அரசு போட்ட மூலதனம் 17,450 கோடி ரூபாய். பிரீமியத்தில் மிச்சம் பிடித்தோம்... வரியில் கட்டினோம்!

ஆகவே, ரேட் பார்க்கும்போதே சால்வன்ஸி ரேஷியோவையும் ஒரு பார்வை பாருங்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் வெப்சைட்டில் காலாண்டுதோறும் போட்டாக வேண்டும். 1.5-க்கு மேல் தாராளமாக இருந்தால், தள்ளுபடியைத் தைரியமாக வாங்குங்கள். தடுமாறினால் யோசியுங்கள்.

மிச்சமான இருநூறு ரூபாயில் பிரியாணி சாப்பிடலாம்தான். ஆனால், வண்டி லாரிக்கடியில் கிடக்கும்போது பிரியாணி க்ளெய்ம் தராதே பாஸ்!