குறை கூறுவதும் ஒரு கலையே!

வார இதழ்களில் தொடர்கதை படித்துப் பழகியவர்களுக்கு ‘முன்கதைச் சுருக்கம்’ என்ற தலைப்பு புதிதன்று. முந்தைய இதழ்களைத் தவறவிட்டவர்கள் கதையின் நடுவே வந்து சேர்ந்துகொள்ள அச்சிறு பகுதி உதவும். நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட முன்கதை சற்று வேறு வகையானது. முதல் அத்தியாயம் தொடங்கும் முன்பே கதைமாந்தர் எங்கே பிறந்தார், யாரிடம் வளர்ந்தார், எதை இழந்தார், எதைத் தேடிப் புறப்பட்டார் என்று கூறுவது அது. அதை எழுதுபவர் பெயர்பெற்ற எழுத்தாளர் அல்லர். மேசையைச் சுற்றி அமர்ந்து விளையாட வந்த ஒருவர்! பிறர் எழுதிய அத்தகைய முன்கதையைப் படித்து, எழுதியவர் மனம் நோகாமலும் கதை மேம்படும்படியும் கருத்துக் கூறுவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விளையாட்டின் இயல்பு

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் நால்வர் அல்லது ஐவர் கூடுவர். ஒருவர் ஆட்ட நடத்துநர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வைத்தியர் என்று அது அமையும். “காட்டின் நடுவே பாழடைந்த கோபுரம் ஒன்று நிற்கிறது. உள்ளே விளக்கொளி தெரிகிறது. என்ன செய்கிறீர்கள்?” என்று நடத்துநர் கேட்பார். ஆட்டக்காரர்கள் தத்தம் பாத்திரத்தின் நிலையில் நின்று விடை கூறுவர். முடிவு உறுதியில்லாத செயலாக இருந்தால் பகடை உருட்டிப் பார்ப்பர். நாம் தாயக்கட்டையில் கண்ட பகடை போன்றதன்று அது. 20 முகங்கள் கொண்ட பகடையும் உண்டு. இவ்விளையாட்டில் வென்றவர், தோற்றவர் என்று எவரும் இல்லை. ஒரே கதை வாரக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தொடரும். இதனை ‘கேம்பெய்ன்’ என்பர். நாம் தொடர் ஆட்டம் என்று கூறுவோம்.

இதன் பிறப்பிடம் அமெரிக்கா. பொம்மைப் படைகளை மேசைமீது அணிவகுத்துப் போர் நடத்தும் விளையாட்டு அங்கே பலருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. 1969இல் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் நடத்திய ஆட்டத்தில், படையை நடத்துவதற்குப் பதிலாக ஒரு நகரத்தின் தனித்தனி மனிதர்களாக ஆட்டக்காரர்கள் பங்கேற்றனர். அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன், விஸ்கான்சின் மாநிலத்து கேரி கைகாக்ஸுடன் இணைந்து உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. ஒரு பெட்டியில் மூன்று சிறு நூல்கள். விலை 10 டாலர். முதலில் அச்சிட்டவை 1000 பிரதிகள்தாம்.

அந்நாளில் முன்கதைக்கு அவ்வளவு இடம் இல்லை. ஆறு பக்கப் பகடை மூன்றை உருட்டி வலிமை, அறிவு முதலிய ஆறு ஆற்றல்களையும் குறித்துக்கொண்டால் பாத்திரம் தயார். முதல் நாளே அது மாண்டுபோவதும் உண்டு. நாளைக்கு இருப்போமா என்று தெரியாத ஒருவருக்கு நீண்ட வரலாறு எழுதி என்ன பயன்? 1977இல் வந்த ‘டிராவலர்’ என்னும் விண்வெளி விளையாட்டு ஒரு புதுமையைச் செய்தது. பதினெட்டு வயதில் தொடங்கி, நான்கு நான்கு ஆண்டுகளாகப் பாத்திரம் எந்தப் பணியில் இருந்தது, என்ன கற்றது என்பதைப் பகடையே தீர்மானித்தது. ஆட்டம் தொடங்குமுன் முன்கதையிலேயே பாத்திரம் இறந்துவிடவும் கூடும்! 1985இல் கிரெக் ஸ்டாஃபர்டு உருவாக்கிய ‘பெண்ட்ராகன்’ ஆர்தர் மன்னர் காலத்து வீரர்களைப் பற்றியது. அதில் தந்தை இறந்தால் மகன் தொடர்வான். அதாவது, மேசையில் எல்லோரும் கூடி ஆடிய தந்தையின் வாழ்வே மகனுக்கு முன்கதை. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 2014இல் கண்ட ஐந்தாம் பதிப்பு, பாத்திரத்தின் பின்னணி, கொள்கை, பற்று, குறை ஆகியவற்றையும் எழுதச் சொல்லிற்று. இவ்வாறு, ஒரு காலத்தில் வெறும் எண்களாக இருந்த பாத்திரம் படிப்படியாக ஒரு மனிதப் பிறவியாயிற்று.

கருத்துரை ஏன் வேண்டும்?

முன்கதையை ஒருவர் தனியே அமர்ந்து எழுதுகிறார். ஆட்டத்தையோ பலர் கூடி ஆடுகின்றனர். ஐவர் எழுதிய ஐந்து முன்கதைகளும் ஒரே கதைக்குள் வந்து அடங்கவேண்டும். ஒன்றில் கடல் வணிகமும், மற்றொன்றில் கடலே இல்லாத நாடும் இருந்தால் என்ன ஆகும்? ஆகவேதான் முதல் நாள் ஆட்டத்திற்கு முன்பே நடத்துநர் அனைத்தையும் படித்துக் கருத்துக் கூறவேண்டியிருக்கிறது.

வகுப்பில் எழுதும் கட்டுரைக்கு மதிப்பெண் கிடைத்தவுடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது. முன்கதையின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. ஆதலால் “இது நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா?” என்பதைவிட, “இதைக்கொண்டு ஆட முடியுமா?” என்ற கேள்வியே இங்கு முதன்மையானது. எழுத்துப்பிழைகள் மலிந்த அரைப்பக்க முன்கதை மேசையில் மிகச் சிறப்பாக வேலை செய்யக்கூடும். அழகிய நடையில் எழுதிய இருபது பக்கம் ஒன்றுக்கும் உதவாமல் போகவும் கூடும்.

அடிக்கடி காணும் குறைகள்

முதலாவது, கதை முடிந்துவிட்ட முன்கதை. தந்தையைக் கொன்றவனைத் தேடிப்பிடித்துப் பழிவாங்கியாயிற்று. இழந்த நிலத்தையும் மீட்டாயிற்று. இனி அப்பாத்திரம் வீட்டைவிட்டு ஏன் புறப்படவேண்டும்? முன்கதையில் ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, முன்கூட்டியே பெற்றுவிட்ட பெருமை. ஐந்தாம் பதிப்பில் பாத்திரம் முதல் நிலையில் தொடங்கி 20ஆம் நிலை வரை வளரலாம். முதல் நிலையில் நிற்கும் ஒருத்தி ஏற்கெனவே மூன்று டிராகன்களைக் கொன்றவள் என்று எழுதிவிட்டால், முதல் நாள் ஆட்டத்தில் ஒரு சாதாரணத் திருடனிடம் அவள் தோற்கும்போது எல்லோருக்கும் சிரிப்புத்தான் வரும்.

மூன்றாவது, ஒட்டாத தனிமை. தாய் தந்தை இல்லை, ஊர் எரிந்துவிட்டது, எவரையும் நம்புவதில்லை என்று எழுதுவோர் மிகப் பலர். பற்றுக்கோடு ஒன்றும் இல்லாத பாத்திரம் சுதந்திரமானது என்று அவர்கள் எண்ணுகின்றனர். ஆனால் நடத்துநர் பற்றி இழுக்க அதில் ஒரு நூலும் இருக்காது. தோழியருடன் சேரமறுக்கும் பாத்திரம் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் என்ன செய்யும்?

நான்காவது, உலகத்தோடு ஒவ்வாமை. எல்லோரும் ஒப்புக்கொண்ட உலகில் மந்திரம் அரிதாக இருக்க, ஒருவர் மட்டும் தெருவுக்கொரு மந்திரவாதியைப் படைத்திருப்பார். இது எழுதியவரின் தவறாகவே இருக்கவேண்டியதில்லை. உலகத்தைப் பற்றி நடத்துநர் முன்னரே கூறாமல் விட்டிருக்கலாம்.

நீளம் பற்றிக் கூறவே வேண்டாம். பெரும்பாலும் ஒரு பக்கம் போதும்.

கூறும் முறை

குறையைக் கண்டுபிடிப்பது எளிது. அதைக் கூறும் விதத்தில்தான் திறமை இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மாணவி தன் பாத்திரத்தை இவ்வாறு எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: அவள் ஒரு வைத்தியப் பெண். கொள்ளைநோயில் ஊர் அழிந்தது. நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துவந்த தாயும் இறந்தாள். ஊர்க் கிணற்றைப் பூட்டிவைத்த கொடிய பிரபுவை மகள் பழிவாங்கிவிட்டாள். இப்போது தாயின் மருந்துப்பெட்டிச் சாவியைக் கழுத்தில் அணிந்துகொண்டு தனியே அலைகிறாள். எவரையும் நம்புவதில்லை.

“எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், மாற்றி எழுது” என்பது ஒரு வகைக் கருத்துரை. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டவளுக்கு எதை மாற்றுவது என்று தெரியாது. தன்னால் எழுத இயலாது என்பது மட்டுமே அவளுக்குப் புரியும். “ரொம்ப நன்றாக இருக்கிறது!” என்று கூறி மூடிவைப்பது இன்னொரு வகை. இது கனிவாகத் தோன்றினாலும் உண்மையில் கடமையைத் தட்டிக்கழிப்பதாகும். ஆட்டம் தொடங்கிய மூன்றாம் வாரம் தன் பாத்திரத்திற்கு மட்டும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அவள் தானே உணர்வாள். அப்போது அவளுக்கு யார் ஆறுதல் கூறுவது?

நல்ல கருத்துரை, உயிருள்ள பகுதியைச் சுட்டிக்காட்டித் தொடங்கும். அந்த முன்கதையில் மனத்தில் நிற்பது எது? கழுத்தில் தொங்கும் சாவி. “அந்தச் சாவி எனக்கு மறக்கவில்லை. தாயைப் பற்றி நீ எழுதியதில் அதுதான் நெஞ்சைத் தொட்டது” என்று குறிப்பாகக் கூறவேண்டும். பொதுவான புகழ்ச்சி காற்றோடு போய்விடும். குறிப்பிட்டுக் கூறிய பாராட்டோ, எதை விடாமல் காக்கவேண்டும் என்று எழுதியவருக்கே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, கட்டளையிடாமல் கேள்வி கேட்கவேண்டும். “சாவி உன்னிடம் இருக்கிறது, பெட்டி இப்போது யாரிடம் இருக்கிறது?” “பிரபு இறந்ததை அவள் கண்ணால் கண்டாளா, பிறர் சொல்லக் கேட்டாளா?” “நம் குழுவில் ஒருவரை மட்டும் அவள் முன்பே அறிந்திருந்தால் அது யாராக இருக்கும்?” இம்மூன்று கேள்விகளும் மூன்று குறைகளிலிருந்து பிறந்தவைதாம். ஆயினும் கேட்பவளுக்கு அவை குறையாகத் தோன்றா. எழுதுவதற்கு இடமாகத் தோன்றும். சற்று யோசித்துவிட்டு அவளே கூறுவாள்: “பெட்டியைப் பசிக்கொடுமையில் ஒரு நாடோடி வியாபாரியிடம் விற்றுவிட்டாள்.” குழுவில் மற்றொருத்தியின் பாத்திரம் நாடோடி வியாபாரி! அவள் உடனே, “அந்தப் பெட்டி என் வண்டியில்தான் கிடக்கிறது. திறக்கத்தான் முடியவில்லை” என்பாள். முன்பின் அறியாத இரு பாத்திரங்களுக்கு இடையே ஒரு கணத்தில் உறவு பிறந்துவிட்டது. தாயும், நோயும், பூட்டிய கிணறும் அப்படியே இருக்கின்றன. எழுதியவளின் கதை அவளுடையதாகவே இருக்கிறது.

கேள்விக்கான காரணத்தையும் மறைக்காமல் கூறுவது நல்லது. “நீ ஒருவரையும் நம்பாவிட்டால் உன்னை ஆட்டத்துக்குள் அழைக்க எனக்கு வழி தெரியவில்லை, அதனால் கேட்கிறேன்” என்றால் எவரும் வருந்தமாட்டார்கள். ஒரு வேளையில் இரண்டு மூன்று கருத்துகளே போதும். பத்துக் குறைகளை ஒருங்கே அடுக்கினால் ஒன்றும் திருந்தாது. எழுதப்பட்டதைப் பற்றிப் பேசவேண்டுமேயன்றி எழுதியவரைப் பற்றிப் பேசலாகாது. “நீ எப்போதும் சோகமாகவே எழுதுவாய்” என்பது கருத்துரை ஆகாது. நாமாக இருந்தால் எப்படி எழுதியிருப்போம் என்பதும் அவளுக்குத் தேவையில்லாதது. ஆட்டத்திற்குப் பொருந்தாததையும் நமக்குப் பிடிக்காததையும் பிரித்தறிந்து, முன்னதை மட்டும் கூறிப் பின்னதை நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

மென்மையாகத் தொடவேண்டிய இடம்

முன்கதையில் வரும் துயரம் சில வேளைகளில் கற்பனையாக இராது. பாத்திரத்தின் தாய் இறந்ததாக எழுதியவள், தன் வீட்டில் நிகழ்ந்த இழப்பையே வேறு பெயரில் எழுதியிருக்கக்கூடும். அதனை எல்லோர் முன்னும் கிளறுவது கொடுமை. அதுதானா என்று துருவிக் கேட்கவும் வேண்டாம். தனியே அழைத்து, “இந்தத் தாயைப் பற்றி ஆட்டத்தில் பேச்சு வரலாமா, வேண்டாமா?” என்று மட்டும் கேட்டால் போதும். வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிடவேண்டும். வரலாம் என்றால், எவ்வளவு தூரம் என்பதையும் அவளே கூறட்டும். இதற்காகவே, ஆட்டம் தொடங்குமுன் ஒருநாள் கூடி, எதெது கதையில் வரக்கூடாது என்று பேசி முடிவுசெய்யும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. அதனைச் ‘செஷன் ஸீரோ’ என்பர்.

கருத்துரை பெறுபவருக்கும் கடமை உண்டு. முழுவதும் கேட்டு முடிக்கும் வரை மறுமொழி கூறாதிருத்தல் நன்று. புரியாவிட்டால், “எந்த வரியைப் படிக்கும்போது உங்களுக்கு அப்படித் தோன்றியது?” என்று கேட்கலாம். விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று இருந்தால் அதைப் பணிவோடும் தெளிவோடும் கூறிவிடவேண்டும். “ஊர் எதுவாகவும் இருக்கட்டும், சாவியை மட்டும் நான் விடமாட்டேன்” என்பது பிடிவாதமாகாது.

இவ்வளவும் கூறியபின் நடத்துநர் செய்யவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. படித்ததை மறவாமல் ஆட்டத்தில் கொண்டுவர வேண்டும். ஏதோ ஒரு மாலையில், வியாபாரியின் வண்டியிலுள்ள பெட்டியில் அந்தச் சாவி பொருந்தித் திறக்கும்போது, தான் எழுதியதை ஒருவர் உண்மையாகவே படித்திருக்கிறார் என்று அவள் அறிவாள். அதற்குமேல் அவளுக்கு வேறு பாராட்டுத் தேவைப்படாது.

மாணவியரே! பகடையும் டிராகனும் நம்முள் பலருக்குப் புதியனவாக இருக்கலாம். ஆயினும் தோழி தன் கவிதையைக் காட்டும் நாளும், தங்கை தான் வரைந்த படத்தை நீட்டும் நாளும் நம் எல்லோருக்கும் வருகின்றன. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அத்தகைய நாட்கள் மிகுதி. அவ்வேளையில் கைவேலையைச் சற்று ஒதுக்கிவைத்து, முழுவதும் பார்த்து, உயிருள்ள இடத்தை முதலில் சொல்லி, பிறகு ஒரு நல்ல கேள்வி கேட்போமாக. அடுத்த பக்கத்தையும் அவள் எழுதுவாள். எழுதியதை நம்மிடமே கொண்டுவந்து காட்டுவாள்.