கிடாயில் மறைந்திருக்கும் இரட்டைக் குட்டிக் குணம்

தாமிரபரணிப் பாசனத்தில் நெல் அறுவடை முடிந்ததும் வயலில் ஆட்டுக்கிடை போடுவது நெல்லை விவசாயிகளின் நெடுநாளைய வழக்கம். கிடைக்கு வரும் கீழக்கரிசல் போன்ற நாட்டுச் செம்மறிகள் பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டியே போடும். இரட்டை பிறப்பது அபூர்வம். அப்படிப் பிறந்த கிடாயைப் பொலிகிடாயாக நிறுத்தி, அடுத்த ஈற்றிலேயே இரட்டைக் குட்டிகளை எதிர்பார்ப்போரும் உண்டு. இந்த எதிர்பார்ப்பு சரிதானா?

வங்காளத்து ஆடு

மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் உள்ள கரோல் என்னும் சிறிய செம்மறி ஆடு, ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டிகள் போடும். ஆஸ்திரேலியாவின் பூருலா மெரினோ ஆடுகளுக்கும் இதே குணம் உண்டு. பூருலா ஆட்டில் இதற்குக் காரணமான மரபணுவை 2001இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அதே மரபணு கரோல் ஆட்டிலும் இருப்பது 2002இல் தெரியவந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திலிருந்து கப்பலேறிய ஆடுகள் வழியாகவே அது ஆஸ்திரேலியா சென்றது என்று கருதப்படுகிறது.

வேலை செய்யும் இடம்

இந்த மரபணு ஆட்டின் உடலில் எல்லா அணுக்களிலும் இருக்கிறது. ஆனால் குட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் வேலை பெட்டையின் சினைப்பையில்தான் நடக்கிறது. சினைமுட்டையிலும் அதைச் சூழ்ந்த அணுக்களிலும் இது செயல்படுகிறது. இதில் ஏற்பட்ட ஒரே ஒரு சிறு மாற்றத்தால், முட்டைகளைத் தாங்கும் நுண்பைகள் சிறிதாக இருக்கும்போதே முதிர்ந்துவிடுகின்றன. எனவே ஒன்றுக்குப் பதில் பல முட்டைகள் வெளிவருகின்றன. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தால், பூருலா ஆட்டில் சராசரியாக ஒன்றரை முட்டை கூடும். இருவரிடமிருந்தும் வந்தால் மூன்று கூடும்.

கிடாய்க்குச் சினைப்பை இல்லை. ஆகவே இக்குணம் அதன் உடலில் வெளியே தெரியாது. அது சேரும் பெட்டைகளும் உடனே இரட்டை ஈனமாட்டா. கிடாயின் மகள்கள் ஈனும்போதுதான் பலன் தெரியும். இரட்டை மரபணு உள்ள கிடாயின் குட்டிகள் எல்லாம் இக்குணத்தைப் பெறும். ஒற்றை உள்ளதாயின் ஏறக்குறைய பாதிக் குட்டிகளே பெறும். எது எப்படி என்பதை இரத்தப் பரிசோதனையால் அறியலாம்.

மகாராஷ்டிரத்தில் பல்டனிலுள்ள நிம்ப்கர் விவசாய ஆராய்ச்சி நிலையம், கரோல் ஆட்டின் இந்த மரபணுவைத் தக்காணி ஆட்டில் சேர்த்து 'நாரி சுவர்ணா' என்ற ஆட்டை உருவாக்கியுள்ளது.

கவனிக்க வேண்டியவை

குட்டி கூடினால் மட்டும் வருமானம் கூடிவிடாது. நாள்தோறும் நெடுந்தூரம் நடந்து மேயும் ஆட்டுக்கு இரண்டு குட்டிக்குப் பால் சுரப்பது கடினம். மூன்று பிறந்தால் நலிந்த குட்டி இறக்க நேரிடும். சினையின் கடைசி ஆறு வாரங்களில் பசுந்தீவனத்துடன் அடர்தீவனமும் கொடுக்க வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீவன வசதி இல்லாதோருக்கு, நன்கு வளரும் ஒற்றைக் குட்டியே இலாபம்.

இரட்டைக் குட்டிக் கிடாய் என்று யாரேனும் கூடுதல் விலை சொன்னால், பரிசோதனைச் சான்று கேளுங்கள். பார்வையால் மட்டும் இக்குணத்தைச் சொல்ல எவராலும் முடியாது. வாங்குமுன் அருகிலுள்ள கால்நடை மருத்துவரையோ, நெல்லை இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையோ கலந்து ஆலோசிப்பது நல்லது.